ஸ்டுர்லாவின் ஏணி எந்தப் பக்கம்?

இந்த ஆண்டு மலைக்குப் போவதில்லை என்று கிரைன் விஸ்ஸே முடிவெடுத்தது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அந்த முடிவை மனைவி கோபாவிடம் சொல்லும் துணிச்சல் வந்தது செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நடுவில் முப்பத்துமூன்று மணி நேரம் ஒத்திகை. குளியலறைக் கண்ணாடி முன் நடந்த ஒத்திகையில் கோபா மூன்று முறை தோற்றுப்போனாள்.

"கோபா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"இந்த மலை இருக்கே..."

"ஆமா, மலை. பொட்டிய பரண்லேந்து இறக்கி வெச்சாச்சு. உங்க கம்பளிச் சட்டையில முழங்கை ஓட்டையா இருந்துது, தைச்சாச்சு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. ஓட்டையைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்."

கோபா என்று பெயர் வைத்தார்களே தவிர, அவளுக்குக் கோபமே வராது. கிரைனுக்கு அதுதான் பயம். கோபித்துக்கொள்கிற மனைவியைச் சமாதானம் செய்யலாம். சிரித்துக்கொண்டே பெட்டி கட்டுகிற மனைவியை என்ன செய்வது? விலிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கப்பல்களுக்குக் கயிறு கட்டியவர் கிரைன். பதினாயிரம் டன் கப்பலை ஒரு முளையில் இழுத்து நிறுத்தியிருக்கிறார். அவரை நிறுத்த கோபாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதுமாயிருந்தது.

அந்த மே மாதம் அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. நாற்பது வருடம், கரை கட்டிக் கடலைத் தடுத்த பூமியில், கடல்மட்டத்துக்குக் கீழே குடித்தனம் பண்ணியாகிவிட்டது, பத்து நாளாவது மேலே ஏறி மூச்சு விட வேண்டும் என்பது கோபாவின் கட்சி. ஆஸ்திரியாவில், தீரோல் மலையில், ஒரு கிராமத்தில் அறைகூடச் சொல்லி வைத்துவிட்டாள். கிரைனுக்கு மலைமேல் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் மலையில் கப்பல் வராது. அதைவிட முக்கியம், அந்தப் பத்து நாளின் நட்டநடுவே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் பழைய கப்பல் படச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சங்கத்தில் இருபத்தாறு உறுப்பினர்கள். ஊரில் யாராவது வயதான மாலுமி கண்ணை மூடினால், அவர் விட்டுப்போன புகைப்படங்கள் பெட்டி பெட்டியாகச் சங்கத்துக்கு வரும். ஒன்றின் பின்னாலும் பெயர் இருக்காது. இது எந்தச் சரக்குக் கப்பல், எந்தத் தளத்தில் உருவானது, எந்தத் துறையில் எந்த நாளில் எடுத்த படம் என்று கண்டுபிடித்து, ஒரு அட்டையில் எழுதி, படத்தோடு சேர்த்து வைப்பதுதான் சங்கத்தின் வேலை. கிரைன் மட்டும் பதினோராயிரம் அட்டை எழுதியிருந்தார். மாடியில் ஆற்றைப் பார்த்த நல்ல அறை முழுக்க அந்த அட்டைகள்தான் குடியிருந்தன. கோபா தையல் மிஷினோடு சமையலறை மூலையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தாள்.

யார் அட்டை எழுதினாலும் கடைசியில் ஒருவர் சரிபார்த்துப் பச்சை முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்தால் அது வேதவாக்கு. பத்தொன்பது வருடமாக அந்த முத்திரையை வைத்திருந்தவர் ஒரு காலத்தில் ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டிய ஹூப்ரெக்ட் என்ற முதியவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, போன மாதம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் புகைபோக்கி என்று எழுதிவிட்டார். மனிதர் தாமாகவே முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்தவரைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்.

கிரைனுக்கு அந்த முத்திரை வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவர் இந்த அளவுக்கு விரும்பியதில்லை. பச்சை மைப் புட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கிக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வரமாட்டேன் என்று நேராகச் சொல்ல முடியாது என்பது செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலையில் காபி குடிக்கும்போது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பந்தயம். தோற்கவே முடியாத பந்தயம்.

"கோபா, முப்பது வருஷமா அட்டை எழுதறேன். ஒரு தப்பு பண்ணியிருக்கேனா?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் கப்பல்ல மூஞ்சி எது முதுகு எதுன்னே தெரியாது."

கிரைனின் மனம் குளிர்ந்தது. "நீ ஒரு படம் கொண்டு வா. எங்கேந்து வேணும்னாலும் கொண்டு வா. பழைய சரக்குக் கப்பல் படமா இருந்தா சரி. நான் அட்டை எழுதறேன். ஒரு வரி தப்பா இருந்தாலும் பொட்டியத் தூக்கிட்டு உன் பின்னால மலைக்கு வரேன். எல்லாம் சரியா இருந்தா மலையை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம். மலை எங்கயும் போயிடாது."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"பிராம் சொல்லட்டும்."

பிராம் சங்கத்தின் செயலாளர். எதிர்வீடு. கிரைனோடு ஒரே படகில் கயிறு இழுத்தவர். கோபா மறுப்பாள் என்று கிரைன் எதிர்பார்த்தார். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே கேட்டாள்.

"அட்டையில எல்லா வரியும் கணக்கா?"

"எல்லா வரியும்."

"கப்பல் வரி மட்டுமில்லாம?"

"கோபா, எங்க சங்கத்து விதி என்ன தெரியுமா? படத்துல இருக்கிற எதையும் விடக்கூடாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாது. தெரிஞ்சதைத் தெரியலைன்னும் எழுதக்கூடாது. மூணாவது விதி நானே போட்டது. சோம்பேறிங்க எல்லாத்துக்கும் 'தெரியவில்லை'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க."

"நல்ல விதி," என்றாள் கோபா. கிரைனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பழுப்பு உறை அவர் மேசைக்கு வந்தது. உள்ளே கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. உள்ளங்கை அகலம்கூட இல்லை. கிரைன் பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்தவர் முகம் சுளித்தார்.

"யாரு எடுத்த படம் இது? கப்பலோட பின்பக்கத்தையே வெட்டிட்டானே. பேரு எழுதியிருக்கிற இடம் அது."

"முன்பக்கத்துல பேரு இருக்குமே?"

"இருக்கும். அது முன்னால சரியா ஒரு பாரந்தூக்கி நிக்குது. இந்த ஆளு ரெண்டடி தள்ளி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். அதோட ஓரத்துல ஒரு பொம்பள வேற. கப்பல் எடுக்கிற இடத்துல அவங்களுக்கு என்ன வேலை?"

"தெரியலையே," என்றாள் கோபா. "யாராவது நிக்கச் சொல்லியிருப்பாங்க."

கிரைன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே கப்பலுக்குள் ஏறிவிட்டார். நான்கு சரக்கறைகள். நடுவில் மாலுமிகள் இருக்கும் கட்டடம். புகைபோக்கியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இந்தக் கோடு ஒரு நார்வேக்காரக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனிக்கு ஒரே அச்சில் வார்த்த மூன்று கப்பல்கள் இருந்தன: ஸ்டுர்லா, ஸ்னோரே, ஸ்வேரே. மூன்றையும் பெற்ற தாயாலேயே அடையாளம் சொல்ல முடியாது. ஒரே வித்தியாசம் சுக்கான் அறையின் முன்சுவரில் இருந்த இரும்பு ஏணி. ஸ்டுர்லாவுக்கு இடது பக்கம். ஸ்னோரேவுக்கு வலது பக்கம். ஸ்வேரேவுக்கு ஏணியே வெளியில் கிடையாது. படத்தில் ஏணி வலது பக்கம் இருந்தது.

"ஸ்னோரே," என்று கிரைன் சுவரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமான படத்தைக் கொண்டுவந்த மனைவியை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஆனால் சனிக்கிழமை காலையில் சங்கடம் ஆரம்பித்தது. கப்பலின் பக்கச்சுவர் கரைக்கு மேல் எத்தனை அடி உயரம் என்று எழுத ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. படத்தில் அளவுகோலாக உதவக்கூடியது அந்தப் பெண்மணி ஒருத்திதான். ஆகவே கிரைன் பூதக்கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார். தொப்பியிலிருந்து செருப்புவரை அளந்தார். ஐந்தரை அடி இருப்பாள் என்று குறித்துக்கொண்டார். மேலங்கியின் நீளத்தை அளக்கப் பொத்தான்களை எண்ணினார். நான்கு பொத்தான்கள். எண்ணியவர் அப்படியே நின்றார்.

"கோபா," என்று மாடியிலிருந்து கூப்பிட்டார். "பொம்பளைங்க மேலங்கியில பொத்தான் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம். ஆம்பளைங்களுக்குத்தான் வலது பக்கம். ஏன்?"

"சும்மா. உறுதியாத் தெரியுமா?"

மாடிப்படி கிறீச்சிட்டது. கோபா கையில் ஒரு மேலங்கியோடு வந்து நின்றாள். பழைய அங்கி. சாம்பல் நிறம். பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

"இந்தாங்க, கையில வெச்சே பாத்துக்குங்க."

கிரைன் அங்கியை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டினார். பூதக்கண்ணாடியில் படத்தைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதுலயும் நாலு பொத்தான்தான்."

"அப்படியா?"

"காலர்கூட இதே மாதிரி வட்டமா இருக்கு."

"அந்தக் காலத்துல அப்படித்தான் தைப்பாங்க," என்றாள் கோபா. அங்கியின் காலரை நீவிவிட்டாள். பிறகு, "வேற எதுவும் தோணலையா?" என்று கேட்டாள்.

"தோணாம என்ன? தோணிடுச்சு." கிரைனின் முகம் மலர்ந்தது. கோபாவின் முகமும் ஒரு நொடி மலர்ந்தது. "பொத்தான் தப்பான பக்கம் இருக்குன்னா படமே தப்பான பக்கம் இருக்கு. நீ கடைக்காரன்கிட்ட சொல்லி ஃபிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கே. இடது வலதாயிடுச்சு. ஏணியும் மாறிடுச்சு. இது ஸ்னோரே இல்ல. ஸ்டுர்லா. என்னையா ஏமாத்தப் பாத்தே?"

கோபா அங்கியை எடுத்து மடித்தாள். "உங்க கண்ணு கண்ணுதான்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைத் தோல்வியின் குரல் என்று கிரைன் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சாப்பிடும்போது மட்டும் கீழே இறங்கினார். மஸ்ஸல் சிப்பியை உடைத்துக்கொண்டே ஏணியைப் பற்றிப் பேசினார். திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பழைய துறைமுகச் செய்தித்தாள்களைப் புரட்டினார். கரையில் இருந்த முளைகளும் பாரந்தூக்கியும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துடையவை. புகைபோக்கியில் இரண்டு கோடு இருந்த காலத்தில் ஸ்டுர்லா ஆன்ட்வெர்ப்புக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. ஒரு மாலையில் வந்து கரையில் கட்டி, மறுநாள் முழுக்க நின்று, அதற்கடுத்த விடியலில் போய்விட்டது. ஆக, பகல் வெளிச்சத்தில் எடுத்த இந்தப் படத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு. நிழலைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தார். பிற்பகல் மூன்று மணி.

அட்டை நிறைந்தது. இப்படியொரு அட்டையை அவர் இதுவரை எழுதியதில்லை. கடைசி இரண்டு வரிகளை எழுதும்போது கிரைன் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை பிராம் வந்தார். சங்கத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் முகத்தோடு வந்தார். கோபா காபியும், இலவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டிய பொலுஸ் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அட்டையை யாரும் தொடக்கூடாது என்று கிரைன் சொன்னார். பிராம் அட்டையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"கப்பல்: ஸ்டுர்லா. படம் இடவலமாக மாறியுள்ளது. பெண்ணின் பொத்தான்களால் கண்டறியப்பட்டது." பிராம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கிரைனைப் பார்த்தார். "அடேயப்பா. ஹூப்ரெக்ட்கூட இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டார்டா."

"படி, படி," என்றார் கிரைன்.

"இடம்: ஆன்ட்வெர்ப். நாள்: 1958 மே 22, வியாழக்கிழமை. நேரம்: பிற்பகல் மூன்று." பிராம் அட்டையை இறக்கினார். "கோபாம்மா, இதெல்லாம் சரியா?"

"எல்லாம் சரி," என்றாள் கோபா. "மூணேகால்னு ஞாபகம். பரவாயில்ல."

ஞாபகம் என்ற சொல்லை ஆண்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பிராம் கிரைனின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு," என்றாள் கோபா.

"ஆமா, இருக்கு." பிராம் மறுபடி தூக்கிப் பிடித்தார். "படத்தில் காணும் பிற: கரையில் ஒரு பெண், ஐந்தரை அடி, யாரென்று தெரியவில்லை, முகபாவம் எரிச்சல், ஆவண மதிப்பு இல்லை. படம் எடுத்தவர்: பெயர் தெரியாத கற்றுக்குட்டி, கை நடுக்கம் உள்ளவர், கப்பல் படம் எடுக்க லாயக்கற்றவர்."

கோபா தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, மே இருபத்திரெண்டுக்கு முந்தின நாள் என்ன?"

"மே இருபத்தொண்ணு."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அன்னைக்கு என்ன?"

"புதன்கிழமை," என்றார் கிரைன் உடனே. "ஸ்டுர்லா அன்னைக்குச் சாயங்காலம்தான் கட்டினான். ஆறு மணி இருக்கும்."

"வேற என்ன நடந்துது அன்னைக்கு?"

"வேற ரெண்டு கப்பல் வந்துது. ஒண்ணு கிரேக்கக்காரன், இன்னொண்ணு..."

பிராம் மெல்லத் தன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். அந்தப் புதன்கிழமை அவர் மாப்பிள்ளைத் தோழராகப் பக்கத்தில் நின்றவர். அவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

"கிரைன்," என்றார் மெதுவாக. "வாயை மூடு."

"ஏன்? கிரேக்கக்காரன்தான். நான் பாத்தேன் நூலகத்துல."

"அன்னைக்கு உனக்குக் கல்யாணம்டா."

கிரைன் வாயை மூடினார். படத்தை எடுத்தார். பூதக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. இப்போது அது தேவைப்படவில்லை. தொப்பிக்குக் கீழே, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இருபத்துமூன்று வயது கோபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் மாட்டி அவர் பொத்தான் எண்ணிய அதே சாம்பல் அங்கி. ஒரு தோள் படத்துக்கு வெளியே போயிருந்தது.

"கல்யாணமான மறுநாள் ஆன்ட்வெர்ப் போனோம்," என்று கோபா பிராமிடம் சொன்னாள். "எங்கப்பாவோட கேமராவை வாங்கிட்டுப் போயிருந்தார். அங்க போய் நில்லுன்னார். நின்னேன். இன்னும் தள்ளின்னார். தள்ளினேன். இன்னும் கொஞ்சம்னார். என்னைத்தான் எடுக்கிறார்னு நெனச்சு, நானும் காத்துல தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கேமராவை ஃபிலிமோட அப்பாகிட்ட திருப்பிக் குடுத்துட்டோம். அப்பா பிரிண்ட் போட்டுக் கொண்டாந்தார். பாத்தா, கப்பல் நடுவுல இருக்கு. நான் வழியை விட்டு ஒதுங்கி நிக்கிறேன்."

"நீ ஏன் இதை எங்கிட்ட காட்டவேயில்ல?" என்று கேட்டார் கிரைன்.

"புதுசாக் கல்யாணமானவ. எப்படிக் காட்டறது? ஃபிலிமோட தையல் டப்பாவுல போட்டு வெச்சேன். நாப்பது வருஷமா ஒரு சந்தேகம். அன்னைக்கு இந்த மனுஷன் என்னை எடுத்தாரா, கப்பலை எடுத்தாரா? இப்பத் தெரிஞ்சுபோச்சு. கப்பலையும் எடுக்கல, பின்பக்கத்தை வெட்டிட்டார்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கிரைன் படத்தைக் கண்ணுக்கு இன்னும் அருகே கொண்டுபோனார். முப்பது வருடம் கோடும் ஏணியும் பார்த்த கண் இந்த ஒரு முகத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆகவே வாதாடினார்.

"படத்தைத் திருப்பிப் போட்டுட்டே. முகம் இடவலமா மாறினா எப்படி அடையாளம் தெரியும்?"

"நான் தினமும் கண்ணாடியில அப்படித்தான் பாக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியுதே."

"அப்ப எதுக்குத் திருப்பிப் போட்டே?"

"உங்களுக்குக் கண்டுபிடிக்க ஒண்ணு வேணும். அது கெடைச்சதும் சந்தோஷத்துல மத்ததை விட்டுடுவீங்க. திருப்பிப் போடலைன்னா என் முகத்துக்கு வந்திருப்பீங்களோ என்னவோ. அந்த ஆபத்து எனக்கு வேண்டாம்னு பாத்தேன். அங்கியைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். அதுக்கு மேல என்ன பண்றது? போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

பிராம் இருமினார். "மூணாவது விதி," என்றார். "தெரிஞ்சதைத் தெரியலைன்னு எழுதக்கூடாது. நீ போட்ட விதிதான் கிரைன். பொண்டாட்டியைத் தெரியலைன்னு எழுதிட்டே. அதோட படம் எடுத்தவன் யாருன்னும் தெரியலைன்னு எழுதிட்டே. அது நீதான். ரெண்டு வரி தப்பு."

"கை நடுக்கம்னு எழுதினது சரிதானே?"

"சரிதான். கல்யாணமான மறுநாள் யாருக்குத்தான் நடுங்காது," என்றாள் கோபா. பிறகு தையல் டப்பாவிலிருந்து ஃபிலிம் துண்டை எடுத்துப் பிராமிடம் கொடுத்தாள். "பக்கத்துல இன்னொரு படம் இருக்கு பாருங்க. அது நான் எடுத்தது. இவர்கிட்டேந்து வாங்கி, இவரை நிக்க வெச்சு எடுத்தேன்."

பிராம் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் நெடுநேரம் கையை இறக்கவில்லை. அதில் இளம் கிரைன், காது இரண்டும் விறைக்க, தலைமுதல் கால்வரை முழுசாக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கப்பலின் பின்பக்கம் ஒரு அங்குலம் குறையாமல் இருந்தது. அதில் ஸ்டுர்லா என்ற பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும்படி தெரிந்தது.

"கோபாம்மா, இதை நான் எடுத்துட்டுப் போகலாமா? ஒரு நாலு நாளைக்கு."

"ரெண்டு படத்தையுமே எடுத்துட்டுப் போங்க. நாங்கதான் ஊர்ல இருக்கமாட்டோமே."

சொன்ன சொல் சொன்னதுதான். புதன்கிழமை ரயிலேறினார்கள். கிரைன் பெட்டியைத் தூக்கினார், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார், வழியெல்லாம் ஜன்னல் பக்கத்தைக் கோபாவுக்கே விட்டார். வியாழக்கிழமை கல்யாண நாள். அன்று புல்வெளியில் கோபாவை நிறுத்தி, நடுவில் வைத்து, தோள் இரண்டும் உள்ளே இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துப் படம் எடுத்தார். பின்னால் இருந்த மலையில் பாதி வெட்டுப்பட்டது. அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நேரில் இல்லாவிட்டாலும் கூட்டத்தில் அவர் பெயரை முன்மொழிவதாகப் பிராம் ரயிலடியில் வாக்குக் கொடுத்திருந்தார். தோற்ற கதையை வெளியே சொல்வதில்லை என்று மட்டும் வாக்கு வாங்க மறந்துபோனார் கிரைன். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, விடுதியின் நடைக்கூடத்தில் டெலிபோனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடுதிக்காரி ஸீட்டா அம்மாள் இரண்டு தடவை அவரைச் சுற்றித் தரை துடைத்தாள். நாலரை மணிக்கு மணி அடித்தது.

"கிரைன்? முடிஞ்சுதுடா கூட்டம்," என்றது பிராமின் குரல். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். "தேர்தலே வைக்கல. ஒருமனதா முடிவு பண்ணிட்டோம்."

கிரைனின் கண் கலங்கிவிட்டது. "பிராம், நான் என்ன சொல்றது. எனக்கு வார்த்தையே..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் பேரைத்தான் முதல்ல சொன்னேன். காரணம் கேட்டாங்க. அட்டையைக் காட்டினேன். அப்புறம் அந்த ரெண்டு படத்தையும் காட்டினேன். ஹூப்ரெக்டே எழுந்து நின்னுட்டார். ஸ்டுர்லாவோட பின்பக்கம் தெரியிற படம் எங்க யார்கிட்டயும் கெடையாதுடா. அதுவும் ஆளையும் வெட்டாம கப்பலையும் வெட்டாம எடுத்த படம். நாளும் நேரமும் ஞாபகம் வெச்சிருக்காங்க. சரி, நேரமாகுது. கோபாம்மாவைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"பச்சை முத்திரையை வாங்கிக்க அவங்களுக்குச் சம்மதமான்னு கேக்கணும்."

கோபா தோட்டத்திலிருந்து வந்து டெலிபோனை வாங்கினாள். நின்றபடியே கேட்டாள். "அப்படியா," என்றாள். "சரி," என்றாள். "அறை வேணுமே, மாடி அறையை எடுத்துக்கிறேன்," என்றாள். "மை வாங்க வேண்டாம், இவர் காலுறைக்குள்ள ஒரு புட்டி இருக்கு," என்றாள். வைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் அதே சிரிப்பு.

"உங்க பதினோராயிரம் அட்டையையும் முதல்லேந்து சரிபாக்கணுமாம்."

"கப்பல் ஒண்ணுகூடத் தப்பா இருக்காது," என்றார் கிரைன்.

"கப்பலை யாரும் சந்தேகப்படலயாம். கரையில இன்னும் எத்தனை பொம்பளைங்களை நிக்க வெச்சுட்டு வந்திருக்கீங்கன்னுதான் பாக்கணுமாம்."